ஆணி காணாத ஓடம்

அலுவல் முடிந்த மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் தம் வீட்டு முற்றத்திலேயே சிறிய மர ஓடமொன்றைக் கட்டி முடிப்பது மேலை நாடுகளில் பலருக்கு உவப்பான பொழுதுபோக்கு. அவர்களுள் பெரும்பாலோர் தச்சரும் அல்லர், கடலோடிகளும் அல்லர். பள்ளி ஆசிரியர், எழுதுவினைஞர், கடைக்காரர் முதலியோரே ஒரு சில பலகைகளையும் சிறிது பொறுமையையும் துணைக்கொண்டு, தம் கையால் ஆன கலத்தில் ஏறி நீரில் மிதக்கும் மகிழ்ச்சியைத் தேடிக் கொள்கின்றனர். இலங்கையின் மேற்குக் கரையிலே, புத்தளம் மாவட்டத்துக் கடலோர ஊர்களிலே, இதே வேலை பொழுதுபோக்காக அன்றி வாழ்க்கையாகவே பல நூற்றாண்டுகள் நடைபெற்று வந்தது. அங்கே வீட்டு வளவில் நின்ற மரமும், அவ்வளவில் விழுந்த தேங்காயின் பொச்சும், அவ்வீட்டார் திரித்த கயிறும் சேர்ந்தே ஓடமாயின. அவ்வோடத்தின் உடலில் இரும்பாணி ஒன்றேனும் இருந்ததில்லை. ஆணி காணாத அந்த ஓடத்தின் வரலாறு, நூல்களில் சிறிதளவும், தொழிலாளர் கைகளில் பெருமளவும் எழுதப்பட்ட ஒன்றாகும்.

முதலில் அக்கரையின் இயல்பை நோக்குதல் வேண்டும். தெற்கே சிலாபத்திலிருந்து முந்தல், உடப்பு வழியாக வடக்கே புத்தளம், கற்பிட்டி வரை செல்லும் இந்நிலப்பகுதியில், கடலும் நிலமும் ஒன்றோடொன்று கைகோத்துக் கிடக்கின்றன. கற்பிட்டிக் குடாநாடு ஒரு நீண்ட விரலைப் போல வடக்கு நோக்கி நீண்டு, புத்தளக் களப்பைப் பெருங்கடலிலிருந்து பிரிக்கின்றது. ஏறத்தாழ 327 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அக்களப்பு பல இடங்களில் ஆழமற்றது. ஓர் ஆள் இறங்கி நடக்கக் கூடிய திட்டுகளும் அதில் உண்டு. அதற்கு அப்பால் திறந்த கடல். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அக்கடல் சீறிக் கரையை மோதும். காற்றுத் தணிந்த பருவத்தில் குளம்போல அமைதியுறும். பெரிய துறைமுகம் என்று சொல்லத்தக்க ஆழமான இடம் இங்கே அரிது. ஆகவே இக்கரைக்கு வேண்டியது பெருங்கப்பலன்று. மணலில் இழுத்து ஏற்றக்கூடியதும், ஆழமற்ற நீரில் தட்டாமல் செல்லக்கூடியதும், அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கக்கூடியதுமான சிறு கலமே வேண்டியிருந்தது.

இத்தகைய கலம் எத்துணைப் பழமையானது என்பதற்கு ஓர் உரோம ஆசிரியரின் சான்று கிடைக்கின்றது. கி.பி. 77ஆம் ஆண்டளவில் தம் இயற்கை வரலாறு என்னும் பெருநூலை எழுதி முடித்த பிளினி, தப்ரபேன் என்று மேலைநாட்டார் வழங்கிய இலங்கையைப் பற்றிக் கூறுமிடத்து, இத்தீவுக்கும் இந்தியாவுக்கும் இடையேயுள்ள கடல் பெரும்பாலும் ஆழமற்றது என்றும், குறுகிய கால்வாய்களில் கலத்தைத் திருப்ப வேண்டிய தேவை நேராதபடி இங்குள்ள கலங்களுக்கு இரு முனைகளிலும் அணியம் அமைக்கப்பட்டிருந்தது என்றும் குறித்துள்ளார். தீவுக்கு வந்து சேர்ந்த ஒருவன் இறங்கிய துறையென அவர் கூறும் இப்புரோஸ் என்பதை, புத்தளத்துக்கு வடக்கே வில்பத்துக் காட்டோரத்திலுள்ள குதிரைமலையே என ஆராய்ச்சியாளர் பலர் கருதியுள்ளனர். குதிரை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அப்பெயரில் அடங்கியிருப்பதே அவர்கள் அவ்வாறு கருதியதற்குக் காரணமாகும்.

இரு முனையிலும் அணியமுடைய கலம் என்றவுடன், இம்மேற்குக் கரையை அறிந்தவர்களுக்கு ஒரு கலம் நினைவில் எழும். சிங்கள மக்கள் ஒருவ என அழைக்கும் பக்க மிதவை ஓடமே அது. அதன் உடல் ஒரே மரத்தைக் குடைந்து செய்யப்படுவது. உடலின் ஒரு பக்கத்தில், இரண்டு வளைந்த கொம்புகளின் நுனியில், நீரைத் தொட்டவாறு ஒரு மிதவைக் கட்டை கட்டப்பட்டிருக்கும். பாய் விரித்துச் செல்லும்போது அம்மிதவை எப்பொழுதும் காற்று வரும் பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். ஆகவே திசை மாற்ற விரும்பும் ஓடக்காரர் ஓடத்தைத் திருப்புவதில்லை. பாயையும் சுக்கானையும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மாற்றுகின்றனர். பின்புறமாக இருந்தது அக்கணமே முன்புறமாகிவிடுகின்றது. பிளினி கேள்வியுற்ற கலங்கள் இதனினும் மிகப் பெரியனவாக இருந்திருத்தல் வேண்டும். எனினும் இரு முனை அணியம் என்னும் அமைப்பு இக்கடலுக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதை அவருடைய குறிப்பு உணர்த்துகின்றது.

காற்று மிகும்போது ஓடக்காரருள் ஒருவரோ இருவரோ அக்கொம்புகளின் மேல் நடந்து சென்று, மிதவைக்கு மேலே நின்று, தம் உடல் எடையால் ஓடத்தைச் சாயாமற் காப்பர். காற்றின் வேகத்தை அளப்பதற்கு அவர்களுக்கு வேறு கருவி வேண்டியிருக்கவில்லை. ஓராள் காற்று, ஈராள் காற்று, மூவாள் காற்று என்று ஆட்களைக் கொண்டே காற்றை அளந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த ஐரோப்பியர் இவ்வழக்கை வியப்போடு எழுதி வைத்துள்ளனர்.

கி.பி. 1344ஆம் ஆண்டு இக்கரைக்கு மிகப் புகழ்பெற்ற விருந்தினர் ஒருவர் வந்திறங்கினார். மொரோக்கோ நாட்டில் பிறந்து, உலகின் பெரும்பகுதியைச் சுற்றிய இபின் பதூதா என்பவரே அவர். மாலைத்தீவில் நீதிபதியாக இருந்துவிட்டுக் கடல்வழியே வந்த அவர், பத்தாலா என்னும் பட்டினத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டதாகத் தம் பயண நூலில் கூறுகின்றார். அப்பட்டினம் புத்தளமே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. வெள்ளத்தால் அடித்து வரப்பட்ட கறுவா மரங்கள் கடற்கரையில் குவிந்து கிடந்ததையும், எதிர்க்கரை வணிகர் அவற்றை ஏற்றிச் சென்றதையும் அவர் எழுதியுள்ளார்.

இவ்வரலாற்றுக்கு மிக வேண்டிய குறிப்பு அவர் மாலைத்தீவைப் பற்றிக் கூறுமிடத்தில் உள்ளது. அங்கே தேங்காய்ப் பொச்சிலிருந்து எடுக்கும் தும்பைக் கொண்டு கயிறு திரிக்கப்படுவதையும், இந்தியாவிலும் ஏமன் நாட்டிலும் அக்கயிற்றால் மரக்கலங்களைத் தைப்பதையும் விவரித்த அவர், அதற்கு ஒரு காரணமும் காட்டுகின்றார். இக்கடலில் பாறைகள் மிகுதி. இரும்பாணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்து சிதறும். கயிற்றால் தைத்த கப்பலோ நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும் என்பதே அக்காரணம். இபின் பதூதாவுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னர் ஓர்மூஸ் துறையில் இத்தகைய கப்பல்களைக் கண்ட மார்க்கோ போலோ, அவற்றை இழிவாகவே மதித்தார். ஆணியில்லாத அக்கப்பல்களில் கடல் கடப்பது ஆபத்தானது என்றும், அவற்றுட் பல மூழ்கின என்றும் எழுதினார். ஒரே தொழிலைப் பற்றி இரண்டு பயணிகள் இரு வேறு தீர்ப்புக் கூறினர். பாறையும் பவளத்திட்டும் மணற்கரையும் நிறைந்த கடலில் வாழ்ந்தவர்கள், இபின் பதூதா கூறிய காரணத்தைத் தங்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

அவருடைய பயணத்தின் பிற்பகுதியே இதற்கு ஒரு விளக்கமாக அமைந்தது. புத்தளத்திலிருந்து மதுரைச் சுல்தானின் நாடாகிய மஃபருக்கு அவர் ஏறிச் சென்ற கப்பல், எதிர்க்கரையை அணுகியபோது ஆழமற்ற நீரில் அகப்பட்டு உடையத் தொடங்கியது. பாய்மரத்தை வெட்டிக் கடலில் எறிந்தனர். மாலுமிகள் மரங்களைச் சேர்த்துக் கட்டித் தெப்பம் அமைத்தனர். இபின் பதூதா கப்பலின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு இரவைக் கழித்தார். காலையில் அவ்வூரார் தம் ஓடத்தில் வந்து அவரைக் கரை சேர்த்தனர். பெரிய கப்பல் கைவிட்ட இடத்தில் கட்டிய தெப்பமும் ஊராரின் சிறு ஓடமும் உயிர் காத்தன.

இனி, அவ்வோடம் உருவான முறையைக் காணலாம். முதலில் மரம். பக்க மிதவை ஓடத்துக்கு மாமரம், பலா, ஈரப்பலா முதலியவற்றின் நீண்டு பருத்த அடிமரத்தைத் தெரிந்தெடுத்தனர். ஓடாவி என்று இலங்கைத் தமிழில் வழங்கும் ஓடத் தச்சர், வாய்ச்சியைக் கொண்டு மரத்தின் வெளிப்புறத்தை முதலில் உருவாக்கிப் பின்னர் உட்புறத்தைக் குடைவார். சுவரின் கனம் எல்லா இடத்தும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். அதனை அளக்க அவர் கையாண்ட கருவி பெரும்பாலும் அவருடைய விரல்களும், மரத்தைத் தட்டிக் கேட்கும் செவியுமே. கனம் மிகுந்தால் ஓடம் பாரமாகும். குறைந்தால் வெயிலில் வெடிக்கும்.

குடைந்த மரத்தின் வாய் மிகக் குறுகியது. ஓடக்காரரின் கால்கள் மட்டுமே அதனுள் அடங்கும். அலை உள்ளே புகாதிருக்க, அவ்வாயின் இரு ஓரங்களிலும் உயரமான பலகைகளைச் சேர்த்தல் வேண்டும். இங்கேதான் தையல் வேலை தொடங்குகின்றது. குடைந்த மரத்தின் விளிம்பிலும் பலகையின் விளிம்பிலும் துறப்பணத்தால் நேருக்கு நேராகத் துளைகள் இடப்படும். இரண்டும் சேரும் பொருத்தின் மேல் தென்னந்தும்பை நீளமாகத் திணித்து வைப்பர். பின்னர்க் கயிற்றைத் துளைகளின் வழியே உள்ளும் வெளியுமாகக் கோத்து, தும்பின் மேல் குறுக்காக இழுத்து இறுக்குவர். இறுக்கிய கயிறு தளராதபடி துளைகளில் தும்பை அடைத்துக் குங்கிலியத்தால் பூசுவர். இதுவே கலப்பற்றுதல் எனப்படும். நீர் பட்டவுடன் மரமும் தும்பும் ஊறிப் பருத்துத் துளையையும் பொருத்தையும் தாமாகவே அடைத்துக் கொள்ளும். இரும்பாணி உப்புநீரில் துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். தென்னங்கயிறோ உப்புநீரிலே நெடுங்காலம் உழைக்கும். மிதவைக் கட்டைக்கு நீரில் எளிதில் மிதக்கும் மலைவேம்பு முதலிய இலேசான மரங்கள் பயன்பட்டன. அதனைத் தாங்கும் கொம்புகளும் ஓடத்தோடு கயிற்றாலேயே கட்டப்பட்டன. அலையில் ஒவ்வோர் உறுப்பும் சிறிது அசைந்து கொடுக்க இதுவே வழி செய்தது.

இவ்வேலைக்கு வேண்டிய கயிறு கடையிலிருந்து வரவில்லை. புத்தளம், சிலாபம் பகுதி இலங்கையின் தென்னை முக்கோணம் எனப்படும் நிலப்பரப்பின் ஒரு பக்கமாகும். 1929ஆம் ஆண்டில் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிலையம் இம்மாவட்டத்து லுணுவிலையிலேயே அமைந்தது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. பொச்சைப் பல மாதங்கள் நீரில் ஊறவைத்து, அழுகிய பாகத்தைத் தடியால் அடித்து நீக்கி, தும்பை உலர்த்தி, உள்ளங்கைகளுக்கிடையே வைத்துத் திரிப்பது இலங்கைக் கரையோரங்களில் பெரும்பாலும் பெண்களின் கைவேலையாக இருந்தது. ஆகவே ஓடம் ஓடாவி ஒருவரின் படைப்பன்று. மரம் தந்தவர், கயிறு திரித்தவர், தும்பு திணித்த சிறுவர், எண்ணெய் பூசிய முதியவர் என ஒரு குடும்பமே அதில் பங்குகொண்டது. மீனெண்ணெய் பூசுவதும், கண்டற் பட்டையை அவித்த சாயத்தில் வலையைத் தோய்த்தெடுப்பதும், தளர்ந்த தையலைப் பிரித்துப் புதிதாகத் தைப்பதும் ஓடம் இருக்குமளவும் தொடரும் வேலைகள். ஓடத்தைக் கட்டியவர்களே அதன் மருத்துவராகவும் இருந்தனர்.

பக்க மிதவை ஓடம் ஒன்று மட்டுமே இக்கரையில் வழங்கியதெனக் கருதலாகாது. களப்புகளிலும் வடக்குக் கடலிலும் பயன்பட்ட வள்ளம், மிதவையில்லாத குடைவு ஓடமாகும். அதற்கேற்ற பெருமரம் வறண்ட வடமேற்குக் கரையிற் கிடைப்பது அரிது. ஆகவே மலையாளக் கரையில் அயினி முதலிய மரங்களிற் குடைந்த உடல்கள் கடல் கடந்து இங்கு வந்தன. தமிழ் மீனவரின் கட்டுமரமோ குடையப்படுவதும் இல்லை, தைக்கப்படுவதும் இல்லை. அது சில மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையே. 1697ஆம் ஆண்டில் வெளியான வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடியின் பயண நூல் இச்சொல்லை ஆங்கில வாசகருக்கு அறிமுகம் செய்தது. இன்று உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட படகுகள் யாவும் அத்தமிழ்ச் சொல்லாலேயே அழைக்கப்படுகின்றன.

இராமேசுவரக் கரையிலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்ற மரபைப் போற்றும் உடப்பு மக்கள், திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு விழாவால் மட்டுமன்றிக் கரைவலைத் தொழிலாலும் பெயர் பெற்றவர்கள். அவ்வலையைக் கரைக்கு இழுக்கும்போது பாடப்படும் அம்பாப் பாடல்கள் அவர்களுடைய வாய்மொழிச் செல்வம். மேற்குக் கரையில் கரைவலையைக் கடலில் இறக்கச் சென்ற தட்டையான அடியுடைய கலங்களும் பலகைகளைக் கயிற்றால் தைத்தே கட்டப்பட்டன. இவ்வாறு சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் கலத்தின் நுட்பத்தை மற்றவர் அறிந்து, ஒரே கடலில் தொழில் செய்தனர்.

ஐரோப்பியர் வருகையோடு ஆணியும் இக்கரையில் வேரூன்றியது. ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். களப்பின் வாயிலைக் காக்கும் அக்கோட்டை இன்றும் நிற்கின்றது. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் வரை களப்புகளையும் ஆறுகளையும் இணைத்த கால்வாய்த் தொடர் ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் காலத்திலும் வளர்ந்தது. கிடுகு வேய்ந்த கூரையுடைய தட்டைப் படகுகள் உப்பும் கொப்பறாவும் ஏற்றி அதன் வழியே ஊர்ந்து சென்றன. கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டில் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834ஆம் ஆண்டில் இலங்கையின் ஊர்களையும் துறைகளையும் அகரவரிசையில் விளக்கும் நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தம் மண்ணையும் மக்களையும் ஏட்டில் ஏற்றிய முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

எனினும் ஓடாவியின் அறிவு ஏட்டில் ஏறுவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. முத்துச் சிப்பி ஆராய்ச்சியின் பொருட்டு 1902ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் ஹோர்னல், பின்னர்ச் சென்னை மாகாண மீன்பிடித் துறையின் தலைவராகப் பணியாற்றினார். மீனை ஆராய வந்தவர் மீனவரின் கலங்களில் மனத்தைப் பறிகொடுத்தார். இந்திய, இலங்கைக் கரைகளின் ஓடங்களை அளந்து, வரைந்து, அவற்றின் உறுப்புகளுக்கு மக்கள் வழங்கிய பெயர்களைக் குறித்து வைத்தார். 1946ஆம் ஆண்டில் வெளியான அவருடைய நீர்ப் போக்குவரத்துப் பற்றிய நூல், இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுகின்றது. அவர் குறித்து வைத்திராவிட்டால் பல கலங்களின் உருவமே மறைந்திருக்கும்.

இலங்கை சுதந்திரம் பெற்றபின் மாற்றம் விரைந்தது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பலா, ஈரப்பலா, பனை ஆகிய மரங்களை அனுமதியின்றித் தறிப்பதைத் தடுத்தது. மக்களுக்கு உணவு தரும் மரங்களைக் காக்க அது வேண்டப்பட்டதே. ஆயினும் ஓடத்துக்குரிய பெருமரம் முன்னரே அருகிவிட்டது என்பதையும் அச்சட்டம் மறைமுகமாகக் காட்டியது. 1950களின் பிற்பகுதியில் அரசாங்கம் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை மீனவருக்கு வழங்கத் தொடங்கியது. அடுத்த பதின்மத்தின் இறுதி தொடங்கி, கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த சிறு படகுகள் கரையெங்கும் பரவின. இன்று கற்பிட்டியிலும் சிலாபத்திலும் மணலில் வரிசையாக ஏற்றப்பட்டிருப்பவற்றுட் பெரும்பாலானவை அவ்வகைப் படகுகளே. பக்க மிதவையோடு செல்லும் ஓடங்களிற் பலவற்றின் உடலும் இப்பொழுது அவ்வார்ப்பினால் ஆனதே.

இம்மாற்றத்தை வெறும் இழப்பென்று கூறுவது நேர்மையாகாது. புதிய படகு மழைக்கும் வெயிலுக்கும் அழுகுவதில்லை. தையலைப் பிரித்துத் தைக்க வேண்டியதில்லை. இயந்திரத்தின் துணையால் காற்றுக்காகக் காத்திராமல் கரை சேரலாம். கடலில் உயிரைப் பணயம் வைத்துத் தொழில் செய்பவனுக்கு இவை சிறிய நன்மைகளல்ல. ஆனால் அதற்கு அவன் கொடுத்த விலையும் உண்டு. முன்னர் வளவிலிருந்து கிடைத்த ஓடம், இப்பொழுது தொழிற்சாலையிலிருந்து பணத்துக்கு வாங்கும் பொருளாயிற்று. இயந்திரத்துக்கும் எரிபொருளுக்கும் ஒவ்வொரு நாளும் பணம் வேண்டும். கடனும் அதனைத் தொடர்ந்து வரலாயிற்று. இவற்றோடு, தன் கலத்தைத் தானே ஆக்கவும் திருத்தவும் வல்ல திறமை ஒரு தலைமுறைக்குள் கைநழுவத் தொடங்கியது.

இத்திறமை இங்கே தேய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், இங்கிலாந்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. தாமே செய்துபார்க்கும் வீட்டு வேலைகளைத் தொலைக்காட்சியில் கற்பித்து வந்த பாரி பக்னெல் என்பவரும், படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட் என்பவரும் சேர்ந்து, எவரும் வீட்டிலேயே கட்டத்தக்க சிறு பாய்ப்படகொன்றை உருவாக்கினர். மிரர் என்னும் நாளிதழின் ஆதரவோடும் பெயரோடும் 1963ஆம் ஆண்டில் அது மக்கள் முன் வந்தது. ஏறத்தாழ 11 அடி நீளமுடைய அப்படகுக்கு ஒட்டுப்பலகைத் துண்டுகள் அளவாக வெட்டப்பட்டு வந்தன. கட்டுபவர் அவற்றின் ஓரங்களில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து இணைத்தார். பின்னர்ப் பொருத்துகளின் மேல் கண்ணாடி இழை நாடாவை வைத்துப் பிசின் பூசி இறுக்கினார். இவ்வகையில் 70,000க்கு மேற்பட்ட படகுகள் உலகெங்கும் கட்டப்பட்டன. தையலும் பசையும் என்னும் அம்முறையே இன்று வீட்டில் ஓடம் கட்டுவோரிற் பலர் கைக்கொள்ளும் வழி.

துளையிடுதல், தைத்தல், பொருத்தை அடைத்தல், பிசின் பூசுதல் என்னும் இந்த ஒழுங்கைக் கேட்கும் நேயர்களுக்கு, புத்தளக் கரையின் தும்பும் கயிறும் குங்கிலியமும் உடனே நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் அம்முறையை இக்கரையிலிருந்து கற்றனர் என்பதற்குச் சான்றில்லை; மெல்லிய பலகைகளை ஆணியின்றி இணைக்க முயன்ற மனித அறிவு, இரு வேறு இடங்களில் ஒரே வழியைக் கண்டது என்று கொள்வதே பொருந்தும். ஆனால் ஓர் உண்மை தெளிவாகின்றது. பழமை என்று கருதி இங்கே கைவிடப்பட்ட தையல் முறையை ஒத்ததொன்று, பிற நாட்டில் புதுமையாகப் போற்றப்பட்டு, சாதாரணக் குடும்பங்களைக் கடலுக்கு அழைத்துச் சென்றது.

பழைய முறையின் வலிமையை அண்மைக் காலமும் சோதித்துப் பார்த்திருக்கின்றது. அயர்லாந்தில் வாழ்ந்த எழுத்தாளர் டிம் செவெரின், ஓமான் நாட்டின் சூர் துறையில் சோகார் என்னும் கப்பலை ஆணியின்றிக் கட்டுவித்தார். மரம் கேரளத்திலிருந்து சென்றது. தைக்கும் கைகள் இலட்சத்தீவிலிருந்து சென்றன. 400 மைல் நீளமான தென்னங்கயிறு அதற்குச் செலவாயிற்று. 1980ஆம் ஆண்டு நவம்பரில் புறப்பட்ட அக்கப்பல், இலங்கையையும் தொட்டு, 1981ஆம் ஆண்டு சூலையில் சீனத்துக் கன்டன் நகரை அடைந்தது. மார்க்கோ போலோ இகழ்ந்த தையல், ஏறத்தாழ 6,000 மைல் கடலைக் கடந்து காட்டியது. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியக் கடற்படையும் கௌண்டின்யா என்னும் தையற் பாய்க்கப்பலைத் தன் கப்பல்களோடு சேர்த்துக்கொண்டது. அஜந்தா ஓவியமொன்றில் காணும் கப்பலை அடிப்படையாகக் கொண்ட அதனைத் தைத்து முடித்தவர்கள் கேரளத்துக் கைவினைஞர்களே.

இவ்விரு முயற்சிகளும் புகட்டும் பாடம் ஒன்றுண்டு. ஓவியம் இருந்தது, நூல்களிலே குறிப்பும் இருந்தது, பணமும் இருந்தது. ஆயினும் கயிற்றை எத்துணை இறுக்க வேண்டும், தும்பை எவ்வளவு திணிக்க வேண்டும் என்பதை அறிந்த ஒருவர் எங்கேனும் உயிரோடு இருந்ததனாலேயே அவை நிறைவேறின. அத்தகைய கை ஒன்று ஓய்ந்துவிட்டால், அதன் அறிவை நூலிலிருந்து முழுமையாக மீட்க இயலாது. ஹோர்னல் அளவுகளை எழுதினார். ஓடாவியின் விரல்கள் அறிந்த இறுக்கத்தை எழுத அவராலும் முடியவில்லை.

புத்தளக் கரையில் வாய்ச்சியும் துறப்பணமும் பிடித்த முதியவர்கள் உள்ளவரை, அந்த அறிவை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வழி உண்டு. பெருமரம் தேடிக் காட்டை அழிக்க வேண்டியதில்லை. மீன்பிடித் தொழிலைப் பழைய காலத்துக்குத் திருப்பவும் வேண்டியதில்லை. களப்பின் அமைதியான நீரில் ஒருவரோ இருவரோ செல்லத்தக்க பத்தடி ஓடமொன்றுக்குச் சில மெல்லிய பலகைகளும், அவ்வூர்ப் பொச்சிலிருந்து திரித்த கயிறுமே போதும். பாடசாலை விடுமுறையில் ஒரு முதியவரின் மேற்பார்வையில் நாலைந்து மாணவர் கூடி அதனைத் தைக்கலாம். அதனைச் செய்து முடிக்கும் மாணவன், மரத்தின் நாரோட்டத்தையும், காற்றின் திசையையும், களப்பின் ஆழத்தையும், தன் ஊரின் வரலாற்றையும் ஒருங்கே கற்றவனாவான். மேலை நாட்டில் பொழுதுபோக்காக மலர்ந்த வேலை, இங்கே ஒரு மரபைக் காக்கும் கல்வியாகவும் அமையும். தையல் அறிந்த கைகள் இன்னும் இருக்கின்ற இக்காலத்திலேயே அது தொடங்கப்படுதல் வேண்டும்.